வலது பின் சக்கரம்

நாற்பத்தொரு வருடத்தில்
ஒரு பந்தயத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் வலது பின் சக்கரம்.
அது தடத்தைக் கடிக்கிறதா, வழுக்குகிறதா,
வளைவை விட்டு வெளியே வரும்போது
ஒரு கணம் யோசிக்கிறதா.
யார் யாரை இடித்தார்கள், கூட்டம் ஏன் எழுந்து நின்றது
என்பதையெல்லாம் திரும்பி வரும் வேனில்
கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

கிங்ஸ் லின். சனி இரவு. ஏழு பாகை.
தண்ணீர் வண்டி இரண்டு சுற்றுப் போய்விட்டது.
குனிந்து ஒரு பிடி கல்தூளை அள்ளிப் பொத்துகிறேன்.
பிடித்தால் கட்டிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும்.
புட்டு மாவின் பதம்.
இதை இங்கே யாரிடம் சொல்வது?
"இரண்டரை அங்குலம்" என்கிறேன்.
பையன்கள் அளவுநாடாவோடு ஓடுகிறார்கள்.

வலது டயர் இடதைவிடச் சுற்றளவில்
இரண்டரை அங்குலம் பெரிசு.
இருக்கை இடப்பக்கம், எஞ்சின் இடப்பக்கம்,
பாரமெல்லாம் இடப்பக்கம்.
நேரான வீதியில் விட்டால்
தானாகவே இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் விழும்.
நான்தான் அதை அப்படிக் கட்டினேன்.

எண்பத்து நாலில் விஸ்பீச்சில்
ரே தாக்ஸ்டரின் பழைய இரும்புக் கிடங்கில் வேலை கேட்டேன்.
பெயர் என்ன என்றார்.
தில்லையம்பலம்.
காரில் அவ்வளவு இடமில்லை என்றார்.
அன்று பின்னேரம் கதவோரம்
மூன்று எழுத்தில் வெள்ளைப் பெயின்ட்: டில்.
எந்த ஊர் என்று யாராவது கேட்டால்
விஸ்பீச் என்பேன். சிரிப்பார்கள்.
நான் சிரிக்கக் காத்திருப்பதில்லை, வேலை இருக்கும்.

இந்த ஆட்டத்தில்
புதியவனுக்கு வெள்ளைக் கூரை. அவன் முன்னால் நிற்பான்.
வெல்ல வெல்ல மஞ்சள், நீலம், சிவப்பு,
ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வரிசை பின்னால்.
சிவப்புக் கூரைக்குக் கடைசி இடம்.
இதைவிட நியாயமான ஏற்பாட்டை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

தொண்ணூற்றேழு, செப்டம்பர்.
கடைசிச் சுற்று, கடைசி வளைவு.
எங்களுக்கு முன்னால் கொலின் பன், ஒரு கார் நீளம்.
நடுத்திடலில் நின்று முட்டியை உயர்த்தினேன்.
ரே இடித்தார்.
விதிப்படி சரி.
கொலினின் கார் வேலியில் ஏறி நின்றது.
அவர் இடுப்பு இரண்டாக உடைந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திராட்சையோடு போனேன்.
என்ன சொல்வது என்று வழிநெடுக இங்கிலிஷில் அடுக்கி
வாசலில் எல்லாவற்றையும் மறந்தேன்.
அவர் கண் திறந்து பார்த்துச் சொன்னார்:
"டில், உன் கார் தேவைக்கு மேல் வளைகிறது.
இரண்டு அங்குலம் போதும்."
திரும்பி வந்து அளந்தேன்.
உண்மைதான்.
அவர் பிறகு ஊன்றுகோலோடு எங்கள் பிட்டுக்கு வருவார்,
சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார்,
தேநீரை முடிக்காமல் போவார்.
அந்தக் கையை நான் ஏன் உயர்த்தினேன் என்று
அவரும் கேட்கவில்லை.

இன்று என் கடைசி இரவு. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.
ரேயின் மகள் ஜோடி மட்டும்
என் மனைவி பவளராணியிடம் எழுதி வாங்கி
பின் பம்பர் முழுக்கத் தமிழில் தீட்டியிருக்கிறாள்,
ஒரு புள்ளி குறைவாக:
தில்லையம்பலம.
இடம் போதியிருக்கிறது.

இன்றைக்காவது முழுதாகப் பார்ப்போம் என்று
தலையை நிமிர்த்தினேன்.
மூன்று சுற்று.
ஒரே சத்தம், ஒரே சேறு, எல்லாம் எல்லாப் பக்கமும்.
ஒன்றும் விளங்கவில்லை.
மறுபடி வலது பின் சக்கரத்துக்கே போனேன்.

நாலாவதாக வந்தாள்.
பம்பரை நாலைந்து பேர் முட்டி நெளித்திருந்தார்கள்.
மிஞ்சியது: ல்லையம்ப.
அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.
சூடு ஆறுமுன் டயரை அளந்து
வெண்கட்டியால் எழுதினேன்,
கால் அங்குலம் கூடிவிட்டது.

ஹார்ட்விக் வட்டச்சந்தி.
ஊரே வலப்பக்கம் சுற்றுகிற இடம்.
ஒவ்வொரு சனி இரவும் இங்கே என் கை
ஒரு கணம் இடப்பக்கம் இழுக்கும்.
பவளராணி அதைப் பார்த்தபடி இருக்கிறாள்.
"மெல்ல" என்கிறாள்.