ஏழரை மில்லிமீட்டர்

புதுவயல் அரிசி மில்லில்
உமி பறந்து இடது கண்ணில் விழுந்தது.
யாரோ ஊதினார்கள்.
யாரோ முந்தானையைச் சுருட்டி ஒற்றினார்கள்.
மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு.
ராக்கு காரைக்குடிக்கு பஸ் ஏறியபோது
பதினேழு நாள் ஆகியிருந்தது.

கருவிழியை வட்டமாக வெட்டி
ஃபார்மலினில் போட்டு அனுப்பினார்கள்.
மெழுகில் பதித்துச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
அடுக்கு குலையாமல் கிடக்க வேண்டிய இழைகளுக்குள்
கறுப்பு நூலாகப் பூஞ்சை,
அடிச்சவ்வு வரை.

அது முதல் ஸ்லைடு.

இரண்டாவது, பதினான்கு மாதம் கழித்து.
இந்த முறை வெட்டியது
அவளுக்கு வைத்திருந்த, இறந்த ஒருவரின் கண்ணை.
பூஞ்சை இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு நூல் இல்லை.
ரத்தக் குழாய்கள் இருந்தன.

கருவிழியில் ரத்தம் ஓடக் கூடாது.
ஓடாததால்தான் அது கண்ணாடி.
ஓடாததால்தான் அடுத்தவர் சதை அங்கே
யார் கண்ணிலும் படாமல் குடியிருக்கிறது.
புண்ணை ஆற்ற வந்த குழாய்கள்
ஆற்றிவிட்டுத் திரும்பிப் போகவில்லை.
அந்த வழியே வந்த வெள்ளணுக்கள்
நீ யார் வீட்டுப் பிள்ளை
என்று கேட்டிருக்கின்றன.

அடியில் அறுகோணம் அறுகோணமாகப்
பாவியிருக்க வேண்டிய செல்கள்
இந்தச் சீவலில் நான்கு.
ஆத்தங்குடிக் கல் பெயர்ந்தால்
ஆத்தங்குடிக்குப் போய் வாங்கி வரலாம்.
இதற்கு ஊர் கிடையாது.

ரிப்போர்ட் வாங்க வந்தவள்
"நானும் பாக்கலாமா?" என்றாள்.
ஸ்டூலில் உட்கார்ந்து வலது கண்ணை வைத்தாள்.
"இம்புட்டுச் செவப்பாவா இருந்துச்சு?"
சாயம் என்றேன்.
"எம்புட்டு அகலம் வச்சாக?"
ஏழரை மில்லிமீட்டர்.
"ஏழரையா!"
அவள் சிரிப்பு நிற்கச் சற்று நேரமானது.

"எதுவரைக்கும் என்னுது, எதுலேர்ந்து அவுகளுது?"
தையல் போட்ட ஓரத்தை நகர்த்திக் காட்டினேன்.
"ரெண்டும் ஒண்ணாத்தானே கெடக்கு."

மூன்று பக்கமும் குழாய்கள் என்று
ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன்.
அடுத்ததும் நிற்பது கஷ்டம் என்பது
அதற்கு அர்த்தம்.
டாக்டர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவள்
திரும்பி நின்றாள்.
"கண்ணு குடுத்தாகள்ல, அவுக வீட்டுல
இது நிக்கலன்னு சொல்லிறாதீக."

அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது.
சரி என்றேன்.