ஜீரோ கேட்டிலிருந்து தூரம்

எந்தப் படம் போடலாம் என்கிறார் ஷாநவாஸ்.
ஏஜென்ட் ஒரே ஒரு தாள்தான் பார்ப்பாராம்,
அதுவும் காரில் போகும்போது.
பதினேழு மணி நேரம் நின்ற வண்டிக்கு
வாடகை கேட்கிறோம்,
தாள் ஒன்று.

முதலில் வேகத்தை வரைந்தேன்.
மணலியில் கிளம்பி, எம்.எஃப்.எல். சந்திப்பில் சற்றே தாழ்ந்து,
எர்ணாவூர் மேம்பாலத்தில் மூச்சு வாங்கி,
பத்தே முக்காலுக்குத் தரையில் விழுந்தது கோடு.
பிறகு எழவே இல்லை.
"என்னம்மா, சிக்னல் கட் ஆயிடுச்சா?"
காத்திருப்பதும் காணாமல் போவதும்
இந்தப் படத்தில் ஒன்றுதான்.

அழித்தேன்.

கிடை அச்சில் நேரம். அதில் வழக்கில்லை,
யார் வரைந்தாலும் அது இடமிருந்து வலமாகத்தான் போகும்.
நிமிர்ந்து நிற்கிற அச்சுக்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.
வெறும் 'தூரம்' என்றால்
எங்கிருந்து என்பார்கள்.
மணலி யார்டிலிருந்து என்றால் கோடு ஏறும்,
ஏறி மேசைபோல் பரந்து நிற்கும்,
எதையோ சாதித்துவிட்ட மாதிரி.
ஆகவே ஜீரோ கேட்டிலிருந்து.
இனி கோடு இறங்க வேண்டும்.
பூஜ்யத்தைத் தொட்டால்தான் பெட்டி கப்பலேறும்.

அலகு: கிலோமீட்டர். போட்டுவிட்டு நிமிர்கையில்
போன் வருகிறது, வரிசைக்குள்ளிருந்து.
"நைட்டு ரெண்டு இருவதுக்கு ஒரு வண்டி அளவு நவுந்தேன்க்கா.
அது வந்துக்குதா?"
வரவில்லை, கன்னியப்பன்.
பதிமூன்று கிலோமீட்டர் உயரத்தில்
நாற்பது அடி ஒரு மயிரிழைகூட இல்லை.

அலகை மாற்றினேன். மீட்டர்.
நானூற்றிருபதுக்கு மேலே உள்ளதை எல்லாம் வெட்டினேன்.
நேராகக் கிடந்த கோடு உடைந்து
படிக்கட்டானது.
ஒரு படி இறங்க ஒரு ட்ரெய்லர் நீளம்.
படியின் அகலம் ஆளுக்கு ஆள் எப்படியோ,
இங்கே ஒன்று முக்கால் மணி,
ஒன்று இருபது நிமிடம்,
விடியலில் ஸ்கேனர் பழுதான ஒன்று
பாயை விரிக்கலாம், அத்தனை அகலம்.

மூன்றே காலுக்கு மட்டும் ஒரு மேடு.
நூற்றுப்பத்து மீட்டர் பின்னால் போய்
பதினொரு நிமிடத்தில் திரும்பியிருக்கிறது வண்டி.
முன்னால் வண்டி, பின்னால் வண்டி,
இடப்பக்கம் கடலுக்குப் போட்ட கருங்கல்,
வலப்பக்கம் மீடியன்.
எப்படிப் போகும்?
"டீக்கா. பாலு தீந்துபோச்சு, வரக்காப்பிதான்."
ட்ராக்கர் அவன் போனில்,
போன் அவன் சட்டைப் பையில்.

மேட்டைத் தேய்த்துவிடு என்றார் ஷாநவாஸ்.
அதற்கொரு பட்டன் இருக்கிறது. அழுத்தினேன்.
மேடு கரைந்தது. கூடவே
படிக்கட்டும் சறுக்குமரமானது.
அதில் வண்டி இரவெல்லாம் மெல்ல மெல்ல
வழுக்கிக்கொண்டே போகிறது,
ஒரு நொடிகூட நிற்கவில்லை.
நிற்காத வண்டிக்கு
யார் தருவார்கள் வாடகை?

பழையபடி ஆக்கினேன்.
மேட்டுக்கு ஓர் அம்புக்குறி: காப்பி, 11 நிமிடம்.
'கோட்டின் பெயர்' என்ற கட்டத்தில்
4417 என்று வண்டி எண் இருந்தது.
எடுத்துவிட்டு
கன்னியப்பன் என்று அடித்தேன்.
கோடு அவனுடையதுதானே.

அனுப்பி இருபது நிமிடத்தில் ஏஜென்ட் அழைத்தார்.
காரின் ஹாரன், அவர் குரல், மறுபடி ஹாரன்.
"கடைசியில் கோடு பூஜ்யத்தைத் தொடவில்லையே, மேடம்.
படம் முடியலையா?"

"படம் முடிஞ்சிருச்சு சார்.
தாள் அவ்வளவுதான்.
அவருக்கு இன்னும் நூற்றி அறுபது மீட்டர் இருக்கு."