அரிசி எண்ணும் அறை

ஈசூனில் எங்கள் வீட்டிலும்
போர் வந்தால் ஒளிய ஓர் அறை உண்டு.
எஃகுக் கதவு. சன்னல் இல்லை.
சுவரில் ஆணி அடிக்காதே என்று
வீவக ஒட்டிவிட்டுப் போன தாள்.
போர் வரவில்லை.
அரிசி வந்தது, மைலோ வந்தது,
பருப்பு, பால்மாவு, பதினான்கு டின் சார்டின்.
கடினமான நாட்களுக்குச் சேமித்து வை என்கிறது சபை.
சேமிப்பது குடும்பம்.
காலாவதித் தேதி பார்ப்பது நான்.

ஞாயிறு எட்டரைக்குப் பேருந்து நிறுத்தத்திலேயே
சட்டைக்குள் உடுத்தும் சட்டை
முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.
ஈத்தனுக்குப் பன்னிரண்டு வயது,
கழுத்தைவிடப் பெரிய டை.
திருவிருந்து ரொட்டித் தட்டை ஏந்தி
வரிசை வரிசையாக வருகிறான்.
நான் பெற்ற பிள்ளையிடம்
தலைகுனிந்து ஒரு துண்டு எடுக்கிறேன்.
பெருமையாகத்தான் இருக்கிறது. அது பொய்யில்லை.

கெசியாவுக்குப் பதினான்கு.
நாற்காலி மடக்கத் தெரியும்.
யார் வீட்டுக் குழந்தை அழுதாலும்
தூக்கிக்கொண்டு வெளியே நடக்கத் தெரியும்.
"நான் எப்போம்மா தட்டு ஏந்துவேன்?"
ஆறு வயதில் கேட்டாள்.
இப்போது கேட்பதில்லை.
கேட்காததுதான்
செருப்புக்குள் கல்லாகக் கிடக்கிறது.

ஒத்தாசைச் சங்கத்துக்குத் தலைவியாக
என்னை அழைக்கும் முன்
என் கணவர் யோவேலிடம் பேசினார் பிஷப்.
நல்ல மனிதர், என் தந்தை இறந்தபோது
மூன்று இரவும் கூடவே உட்கார்ந்திருந்தவர்.
யோவேல் ஆம் என்றார்.
நானும் ஆம் என்றேன்.
எந்த ஆமை எழுதிக்கொண்டார்களோ.

சங்கத்தில் ஒரு தாள் சுற்றி வரும்.
சகோதரி சியூ பெங்குக்குப் பிரசவம்,
செவ்வாய் இரவுச் சாப்பாடு யார், வியாழன் யார்.
என்னிடம் வரும்போது
எப்போதும் இரண்டு கட்டம் காலி.
பேனா மூடி ஏற்கெனவே திறந்திருக்கும்.
கை எழுதிவிடும். நான் பிறகு படிப்பேன்.
செவ்வாய் எனக்கு மருத்துவமனையில் இரவு வேலை.

"மூன்றாவது எப்போ?"
வாசலில் சகோதரி லூர்டெஸ், அன்பாகத்தான்.
பிறக்க வேண்டிய ஆவி ஒன்று
மேலே காத்திருக்கிறதாம் எனக்காக.
பாலிகிளினிக் ஞாபகம் வரும்:
எண் சீட்டைக் கசக்கிப் பிடித்தபடி
திரையையே பார்க்கும் ஒரு குழந்தை.
நாற்பத்தொரு வயதில்
எந்த எண்ணை நான் அழைப்பேன்?

"உங்கள் முகத்தில் எப்போதும் ஒரு ஒளி" என்கிறார்கள்.
ஒளி தேய, துடைத்துத் துடைத்து
மறுபடி ஏற்றிக்கொண்டு போகிறேன்.

இரவில் சங்கத்து வாட்ஸ்அப் ஓயாதபோது
அரிசி இருப்புப் பார்க்கிறேன் என்று சொல்லி
உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொள்வேன்.
எஃகுக்குள் சிக்னல் வராது.
கட்டிய பொறியாளர் நீடூழி வாழட்டும்.

மைலோ டின்களுக்குப் பின்னால்
டேக்காவில் வாங்கிய தேயிலைத்தூள், நூறு கிராம்.
குடிப்பதில்லை.
ஞானஸ்நானம் எடுத்துப் பதினேழு வருடம்,
ஒரு மிடறு இல்லை.
மோந்து பார்ப்பேன்.
மோப்பதைப் பற்றி
ஆலய நேர்காணலில் கேள்வி கிடையாது.

அங்கே ஜெபிப்பதும் உண்டு.
முன்வரிசையில் எழுந்து நின்று
சாட்சி சொல்லும்போது வராத ஏதோ ஒன்று
சில நாள் மூட்டைகளுக்கு நடுவே வந்து
சும்மா உட்கார்ந்திருக்கும்.
என்னை எதற்கும் அழைக்காது.

நேற்றுக் கதவு திறந்தது. கெசியா.
என் கையில் பொட்டலம், மூக்கு நுனியில் தூள்.
பொய் ஒன்று தேடினேன்,
கிடைக்கவில்லை.
அவள் பொட்டலத்தை வாங்கினாள். மோந்தாள்.
தும்மினாள்.
பத்துக் கிலோ மூட்டைமேல் உட்கார்ந்து
இரண்டு கையாலும் கதவை உள்ளிழுத்தாள்.

"எவ்வளவும்மா இருக்கு?"
"எது?"
"அரிசிதான்."
நாற்பது கிலோ என்றேன்.
"இல்ல. மறுபடி எண்ணு. மெதுவா."

வெளியே யோவேல் எதையோ கேட்பது
எஃகின் வழியாக முணுமுணுப்பாக வந்தது.
கரண்டி எங்கே என்றுதான் இருக்கும்.
நாங்கள் ஒன்று என்றோம்.
கொஞ்ச நேரம்
ஒன்றிலேயே நின்றோம்.