ஏழு மீற்றர் வயர்

ஒட்டுசுட்டான், பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு ‘பி’ வகுப்பறை.
வெள்ளம் வந்து கோபுரங்கள் செத்தால் என்ன செய்வது என்று
இரண்டு நாள் ஒத்திகை.
இரண்டு மேசை, இரண்டு நிலையம்.
நான் நாற்பது மீற்றரில், நேசரூபன் இருபதில்.
நடுவில் எட்டு முழம்,
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட பெருக்கல் கணக்கு.

நான் வாய் திறந்தால் அவன் காது அடைத்துவிடும்.
என் ஏழின் இரு மடங்கு பதினாலு,
அவன் காது வைத்திருக்கும் இடம்.
‘கதைக்காதை சுகிர்தா, ஜப்பான்காரன் போட்டான்’
நிறுத்துவேன்.
அவன் கதைப்பான். நான் சுவரைப் பார்ப்பேன்.
முத்தையன்கட்டு வாய்க்காலில் முறைத்தண்ணீர் போல
முதல் நாள் முழுக்க ஆளுக்கு அரை மணித்தியாலம்.

இருட்டினபிறகு கம்பிகளை அவிழ்த்தோம்.
என்னுடையது கிழக்கு மேற்கு,
பாலை மரத்திலிருந்து கொடிக்கம்பத்துக்கு.
அவனுடையதைத் தெற்கு வடக்காக்கி
நுனி என் கம்பியின் இடுப்பைப் பார்க்கக் கட்டினோம்.
அப்படி நின்றால்
ஒன்றுக்கு மற்றது இல்லாத மாதிரி.

பிறகு ஏழு மீற்றர் கோஆக்ஸ் வயர்.
ஒரு நுனியை ஈயம் வைத்து மூடி
என் பெட்டிக்குப் பின்னால் கிளையாகத் தொங்கவிட்டான்.
ஏழு அதைக் கவனிக்காமல் வெளியே போகும்.
பதினாலு அதில் இறங்கி அங்கேயே முடிந்துபோகும்.
ஒரு விரற்கடை வெட்டு, அள, திரும்பவும் ஈயம்.
நுளம்பு எங்கள் இரண்டு பேரையும் பாகுபாடில்லாமல் தின்றது.

விடிய மூன்றரைக்கு
நூறு வாட்டில், நெஞ்சைப் பிடித்துக் கூப்பிட்டேன்.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.
அதுதான் வெற்றி.
அவன் என்னைக் கேட்காமலிருக்கத்தான் இவ்வளவும் பாடுபட்டேன்.
கிடைத்ததும்
கொஞ்சம் கோபம் வந்தது.

ஆனால் இரைச்சல் ஒன்று மிச்சம் இருந்தது.
உன்ர ஜெனரேற்றர், இல்லை உன்ர சார்ஜர் என்று
ஆளையாள் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் அணைத்தோம்.
அது அப்போதும் அழுதது.
பற்றரி ரேடியோவைக் கையில் பிடித்து
மைதானம் தாண்டி, தெரு தாண்டி நடந்தோம்.
முகாம் வேலியின் வெள்ளை விளக்குகளுக்கு நேரே
ஊசி முழுக்க எழும்பி நின்றது.

அனுமதிக் கடிதம் மூன்று மொழியிலும் என் பையில் இருந்தது.
நாங்கள் திரும்பி வந்தோம்.

‘இதை எத்தனை மீற்றர் வயரில் அடக்கலாம்?’
அவன் சிரிக்கவில்லை.
போய்த் தன் கம்பியைப் பதினைந்து பாகை திருப்பினான்,
விளக்குகளின் பக்கம் அதன் செவிட்டு நுனி வர.
வந்தது. ஆனால் எங்கள் செங்கோணம் குலைந்தது.
இப்போது அவன் காதில் கொஞ்சம் நான்,
என் காதில் கொஞ்சம் அவன்.

வெளிச்சம் வர
பின்லாந்தில் யாரோ ஊர் எது என்று கேட்டார்கள்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்:
ஓ, டி, டி, யூ.
விளங்கவில்லை. திரும்பவும் ஓ, டி, டி.
மூன்றாந்தரம் அங்கே பிழையில்லாமல் எழுதினார்கள்.

என் பக்கத்தில் நெடுங்கேணி மழையளவு வாசித்துக்கொண்டிருந்தது.
அதற்கடியில், கிசுகிசுப்பாய், அவனுடைய யூ.
நான் கதைப்பதை நிறுத்தவில்லை.