மெய்ப்பு

மண்ணிக்கவும் என்று தொடங்கியிருந்தான் தவசீலன்.
மூன்று சுழி.
பொங்கோல் ரயிலில் நின்றபடி
பொருளுக்கு முன் பிழையைப் பார்த்துவிட்டேன்.
தொழில் அப்படி.
நான்கு மொழியில் அச்சாகும் அறிவிப்புகளில்
தமிழுக்கு மட்டும் நான் காவல்.
ஒற்று மிகுமா மிகாதா,
கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து கிடக்கின்றனவா,
அவ்வளவுதான் என் கவலை.

கீழே இருந்தது செய்தி.
எனக்குக் கிளமிடியா. ஒரு வாரம் மாத்திரை.
நீயும் பரிசோதணை செய்துகொள்.
அங்கும் மூன்று சுழி.

எனக்கு ஒன்றுமில்லையே.
எரிச்சல் இல்லை, வலி இல்லை.
நேற்றுகூட தேக்காவில்
வாவல் மீனுக்குப் பேரம் பேசினேன்.

மூன்று நாள் அவனை வைதேன், மனத்துக்குள்.
நான்காம் நாள் மதிய உணவு நேரத்தில்
ஜாலான் புசாரில் இறங்கினேன்.
மருந்தகத்தில் எண்ணைச் சொல்லி அழைத்தார்கள்.
நாற்பத்தேழு.
எதிரே, தேசிய சேவைக்கு முடி வெட்டிய பையன்
தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் ஒரு சீனத்து அம்மாள்
நிம்மதியாக ஆரஞ்சு உரித்தார்.

அவர் தலைக்கு மேல் சுவரொட்டி.
ஆங்கிலம், சீனம், மலாய், கடைசியில் தமிழ்:
பெரும்பாலும் அறிகுறிகள் தென்படுவதில்லை.

அறிகுரி என்று வந்ததை
வல்லினமாக்கி அனுப்பியவள் நான்தான்.
ஈராண்டுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை,
ஆறு மணிக்கு மேல், வீட்டுக்குப் போகும் அவசரத்தில்.
படித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

தாதி ரொஹாயா ஒரு குப்பி ரத்தம் எடுத்தார்.
பஞ்சு சுற்றிய குச்சியைக் கொடுத்து
நீயே எடுத்துத் தரலாம், வலிக்காது என்றார்.
வலிக்கவில்லை.
யாருடன், எத்தனை பேர் என்று கேட்டபோது
காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்கும் குரல்தான்.
இன்று ரத்தத்தில் தெரியாதது
பின்னால் தெரியலாம்,
மூன்று மாதம் கழித்து மறுபடி வா என்றார்.
எங்கள் அலுவலகத்தில்
அதற்கு இரண்டாம் மெய்ப்பு என்று பெயர்.

எனக்கும் கிளமிடியா.
மற்றவை இல்லை, இப்போதைக்கு.
காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள்.
மாத்திரையோடு பால் வேண்டாமாம்.
ஒரு வாரம் தே ஓ.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது?
மருத்துவர் தோளைக் குலுக்கினார்.
அது எந்தக் குழாயிலும் தெரியாதாம்.
தவசீலனை வைத வார்த்தைகளை
ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
கெட்ட வார்த்தைகளிலும் எனக்கு ஒற்றுப்பிழை வராது.

அவனுக்கு முன் இளமாறன்.
பிப்ரவரியோடு பேச்சு நின்றது.
படுக்கையில் உட்கார்ந்து
மன்னிக்கவும் என்று அடித்தேன், இரண்டு சுழி, சரியாக.
அழித்தேன்.
குற்றம் எதையும் நான் சொல்ல வரவில்லை.

விஷயத்தை மட்டும் எழுதி அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்த பிறகே கண்ணில் பட்டது:
பரிசோதனைச் செய்துகொள்.

ச் வரக் கூடாத இடம்.

விட்டுவிட்டேன்.