இரண்டாவது மின்னல்

தக்கலையில் மழை.
கீழே மாவு மில் ஓடுகிறது.
மாடியில், வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில்
கொடிமுனையிலிருந்து வந்த ததேயுஸ்,
இரவல் சட்டையில் கழுத்துப் பட்டன்வரை பூட்டி,
மூச்சையும் பிடித்து வைத்திருக்கிறார்.
பஹ்ரைன் விசாவுக்கு எட்டுப் படம்.
நாலு மணிக்குள் ஏஜெண்ட் கையில் சேரணும்.

முதல் படத்தில்
மோவாய்க்குக் கீழே கறுப்புப் பட்டை,
போர்வையை இழுத்து விட்டதுபோல.
இது எனக்குப் பழகின வியாதி.
ஷட்டர் ஐந்நூறில் கிடக்கிறது.
அபினேஷ் நேற்று கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோய்
பறக்கிற கோழியை எடுத்திருக்கிறான்.
ஒரு திரை முழுக்கத் திறக்குமுன்
மறு திரை மூடப் புறப்பட்டால்
இடையில் வருகிற வெளிச்சத்துக்குப்
பாதிக் கதவுதான்.
நூற்றிருபத்தைந்துக்கு இறக்கினேன்.
பட்டை போயிற்று.

அடுத்தது முழுக்க மங்கல்.
மில்லில் யாரோ அரிசி கொட்டியிருக்கிறார்கள்,
வோல்டேஜ் விழுந்துவிட்டது.
சிவப்புப் பொட்டு பச்சையாகும்வரை
பொறுக்காதது என் தப்பு.
பொறுத்தேன். ஏழு விநாடி.
ததேயுஸ் கண் சிமிட்டவில்லை.

மூன்றாவதில்
இடது கன்னமே இல்லை.

இடது விளக்கு எரிகிறது.
என் கண்ணால் பார்த்தேன், அபினேஷ் பார்த்தான்,
சுவரில் வெளிச்சம் தெறித்தது.
படம் மட்டும் பார்க்கவில்லை.
வயரை மாற்றினேன். குடையைக் கழற்றினேன்.
எட்டில் இருந்த துவாரத்தை ஐந்தரைக்குத் திறந்தேன்:
வலது கன்னம் சுண்ணாம்பாயிற்று,
இடது கன்னத்தில் இன்னும் நடுக்கடல்.
விளக்கின் தலையில் ஒரு தட்டும் தட்டினேன்,
பழைய டிவியைத் தட்டுவதுபோல.

"எனக்க மூஞ்சில ஏதும் கொறையா மேடம்?"

"உங்க மூஞ்சில ஒண்ணும் இல்ல."

இன்னும் நாலு படம். அதே பாதி ஆள்.
மணி மூன்று.

"ரெண்டு அடிக்குது" என்றார்.

எது?

"கேமரா தலைல இருக்க சின்னது.
ஒண்ணு அடிச்சு, ஒடனே இன்னொண்ணு.
மொதல்லதுக்கே அந்த எடது லைட்டு மின்னிருது."

எனக்கு அது ஒரே மின்னல்தான்.
அவரோ
ராத்திரிக் கடலில் கரையைத் தேடி
எத்தனை மின்னல், நடுவில் எத்தனை இருட்டு என்று
விளக்குகளை எண்ணி
இது முட்டம், இது இல்லை என்று
படகைத் திருப்புகிற ஆள்.
எண்ணாமல் ஒரு வெளிச்சத்தைப் பார்க்க
அவருக்கு வராது.

காலையில் டிரிகரின் பேட்டரி தீர்ந்தது.
இடது விளக்கை எழுப்பட்டும் என்று
சின்ன ஃபிளாஷை நான்தான் மாட்டினேன்.
அது ஆட்டோவில் கிடந்தது.
ஒரு தடவை ஒத்திகைக்கு மின்னும்,
மறு தடவைதான் படத்துக்கு.
இடது விளக்குக்கு வித்தியாசம் தெரியுமா?
ஒத்திகையிலேயே மொத்த வசனத்தையும் பேசிவிட்டு
திரை விலகும்போது
வாய் வறண்டு நின்றிருக்கிறது, பாவம்.
அதைப் போய்த் தட்டினேன்.

மேனுவலில் போட்டேன்.
துவாரம் மறுபடி எட்டு.
"இப்போ?"
"ஒண்ணுதான்."

இரண்டு கன்னமும் வந்தது.
புருவத்தோரம் தூண்டில் முள் கீறின தழும்பும் வந்தது,
நூல் தைத்த துளைகளோடு.
அபினேஷ் மவுஸை நகர்த்தினான்:
"இதை எடுத்துரட்டா அண்ணா?"
"வேண்டாம்டே. அதத்தான்
அங்க அடையாளம்னு எழுதிக் குடுத்திருக்கு."

எட்டுப் படத்தைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு
மூன்றரை பஸ்ஸுக்கு ஓடினார்.
நூறு ரூபாய்க்குச் சில்லறை வாங்கவில்லை.

ராத்திரி பூட்டிவிட்டுக் கீழே இறங்கி
மில் ஓரம் மழை விடட்டும் என்று நிற்கிறேன்.
வேளிமலைப் பக்கம் வானம் வெட்டுகிறது.
அந்த நொடியே என் மாடி ஜன்னலும்
வெள்ளையாகி அணைகிறது.

இடது விளக்கை அணைக்காமல் வந்திருக்கிறேன்.
மலையில் அடிக்கிற ஒவ்வொரு மின்னலுக்கும்
அது எழுந்து எழுந்து
ஆளில்லாத ஸ்டூலுக்கு வெளிச்சம் போடுகிறது.

ஏறிப் போய் அணைக்கணும்.
கரண்ட் பில் வேறு.

ஒண்ணு.

இருட்டு, ஏழு விநாடி.

ரெண்டு.