இரண்டு கத்திகள்

பழைய பெயரில் இரண்டு கத்திகள் இருந்தன.
'பிரி' என்னும் எழுத்தின் அடியில் ஒன்று,
'கிழி' என்னும் எழுத்தின் தோளில் ஒன்று.
ஒபிஹிரோ மருத்துவமனையில்
தம்பி யசுஹிகோவின் அட்டையில்
பதினெட்டு வருடம்
துருப்பிடிக்காமல் கிடந்தன.

அம்மா அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.
கேட்டவர்களுக்கு, "சப்போரோவில் வேலை."
மாடியில் காலடி கேட்டால்
வானொலியைக் கூட்டி வைப்பாள்.
எனக்குப் பேசி முடித்த இடத்துக்கு மட்டும்
அது எப்படியோ கேட்டுவிட்டது.
நிச்சயத்துக்கு வந்த பரிசுகளைத்
திருப்பியனுப்பக் கட்டியவள் நான்தான்.
முடிச்சு நன்றாகவே விழுந்தது.

இந்த இலையுதிர்காலத்தில்
நோயின் பெயரை மாற்றிவிட்டார்கள்.
டாக்டர் ஹோரிகாவா தாளில் எழுதிக் காட்டினார்.
கத்தி இல்லை.
முதல் எழுத்தின் இடது ஓரம்
நூல் ஒன்று தொங்குகிறது.
"இனிமேல் தயங்காமல் சொல்லலாம்" என்றார்,
கதவைப் பார்த்து,
குரலைத் தாழ்த்தி.

பேருந்தில் தம்பி தாளை மடித்தான், விரித்தான்,
மறுபடி மடித்தான்.
"அக்கா, எனக்குக் கேட்கிற குரல்கள்
இந்த ரெண்டு பெயரையும் சொன்னதில்லை.
யசுன்னுதான் கூப்பிடும்.
வெளியே யாராவது அப்படிக் கூப்பிட்டு
எத்தனை நாளாச்சு?"

சர்க்கரைக் கிழங்கு லாரிகள்
ஒன்றன்பின் ஒன்றாய்
சேறு தெறிக்கக் கடந்து போயின.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், லாரிகளைத்தான்.

எங்கள் நிறுத்தத்தில்
அவன் முன்னால் இறங்கிவிட்டான்.
பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்க்க,
எங்கள் தெருக்காரி மியாசவாவும் பார்க்க,
கத்தினேன்:
"யசு! குடையை விட்டுட்டே, யசு!"